ஓட்டையை விட்டுச் சென்றவர்

மனித குலத்தின் மேல் நம்பிக்கை இழந்து உட்கார்ந்திருப்பவர்கள் இனி எழுந்து நிற்கலாம். போர்கள் தொடர்கின்றன, விலைவாசி ஏறுகிறது, அதெல்லாம் இருக்கட்டும்; ஒரு பெரும் பகை மட்டும் பூமியிலிருந்து வேரோடு பிடுங்கப்பட்டுவிட்டது. குகைக்கு எவனோ ஒருவன் முதன்முதலாகக் கதவு வைத்து, இன்னொருவனை உள்ளே விட்டு, "மாசம் எவ்வளவு கொடுப்பே?" என்று கேட்ட நாளிலிருந்து நடந்துவந்த பகை அது. பிடுங்கியது முன்பண நல்லிணக்க வாரியம். நம்பாதவர்கள் வாரியத்தின் ஆண்டு மலரை வாங்கி நடுப்பக்கத்தைப் புரட்டலாம். வழவழப்பான தாளில் இரண்டு பேர் கைகுலுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். பல் தெரியச் சிரிப்பவர் வீட்டுக்காரர். பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர்போல நிற்பவர் ரொட்டிக்காரர். இருவர் தோளிலும் கைபோட்டு நடுவில் நிற்பவர் வாரியத் தலைவர். கீழே, 'வென்றவர்கள்' என்று போட்டிருக்கிறது. யார் எதை வென்றார்கள் என்பதை மலரில் போட இடமில்லாமல் போய்விட்டது.

ரொட்டிக்காரருக்கு பேக்கரி சொந்தமில்லை. இன்னொருவருடைய பேக்கரியில் மாவு பிசைந்து, தட்டில் அடுக்கி, அடுப்புக்குள் தள்ளி எடுக்கிற வேலை. மனைவிக்குச் சலவைக் கடையில் இஸ்திரி. ஒரே பெண், பள்ளிக்கூடம் போகிறாள். மூவரும் வீட்டுக்காரரின் மாடியில் பல வருஷம் குடியிருந்தார்கள். வாடகையை ஒருநாள் பிந்தாமல் கொடுத்தார்கள். அதனாலேயே, இவர்களால் கொடுக்க முடிகிறது என்று தெரிந்து வாடகை வருஷாவருஷம் ஏறியது. இனிமேல் ஏறினால் கூரைதான் என்ற நிலையில் வேறு வீடு பார்த்தார்கள். பெண்ணின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு அறை, தெருவைப் பார்த்த ஜன்னல். அந்த வீட்டு அம்மாள் பத்து மாத வாடகை முன்பணம் கேட்டார். இந்த வீட்டில் கொடுத்துவைத்திருந்ததும் பத்து மாதம்தான். இங்கே வாங்கி அங்கே கொடுத்துவிடலாம் என்று கணவனும் மனைவியும் கணக்குப் போட்டார்கள். குடித்தனக்காரர்கள் எல்லோரும் போடுகிற கணக்கு அது. விடையும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

சாமான்களை ஏற்றியாயிற்று. ரொட்டிக்காரர் சாவியைக் கொடுக்கப் போனார்.

"வாங்க வாங்க, உட்காருங்க," என்றார் வீட்டுக்காரர். அவர் இனிமையான மனிதர். அவர் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் வந்து யாரும் கேட்டதில்லை. கையிலிருந்து பணம் வந்து யாரும் பார்த்ததுமில்லை. "என்ன, முன்பணம்தானே? உங்க பணம் எங்க போயிடப் போகுது. பத்திரமா இருக்கு."

"கொடுத்தீங்கன்னா நல்லது, புது வீட்டுல இன்னைக்கே கட்டணும்."

"அதான் சொல்றேனே, பத்திரமா இருக்குன்னு."

ரொட்டிக்காரருக்கு அந்தச் சொல்லின் முழுப் பொருளும் விளங்கச் சற்று நேரம் பிடித்தது. வீட்டுக்காரரே விளக்கினார்: "போன வருஷம் ஊருக்கு வெளியில ஒரு மனை விலைக்கு வந்துச்சு. உங்க பணம், கீழ்வீட்டுக்காரர் பணம், பின்வீட்டுக்காரர் பணம், எல்லாம் சேர்ந்து பத்திரமாயிடுச்சு. பதிவும் பண்ணியாச்சு."

"என் பணம்ங்க அது."

"யார் இல்லேன்னா? பணம் உங்களுதுதான். பத்திரம்தான் என் பேர்ல."

பிறகு, "சரி, வீட்டை ஒரு பார்வை பார்த்துடுவோம்," என்று மாடிக்குக் கூட்டிப் போனார். மனைவி அன்று காலை முழங்காலில் நின்று துடைத்த தரை கண்ணாடிபோலக் கிடந்தது. வீட்டுக்காரர் அதில் தன் முகத்தைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிட்டு, சுவரின் பக்கம் திரும்பினார். அங்கே கடிகாரம் மாட்டியிருந்த இடத்தில் ஓர் ஆணி ஓட்டை இருந்தது.

"இது என்னது?"

"கடிகாரம் மாட்டியிருந்தோம். ஆணியை எடுத்துட்டேன்."

"ஆணியை எடுத்துட்டீங்க. ஓட்டையை விட்டுட்டீங்களே."

"ஓட்டையை எப்படிங்க எடுத்துட்டுப் போறது?"

"அதை அடிக்கும்போது யோசிச்சிருக்கணும். காலி பண்றதுன்னா என்ன? உங்க பொருள் ஒன்னுகூட உள்ள இருக்கக் கூடாது. இந்த ஓட்டை நான் வாங்கி வச்சதா? இல்லை. உங்களுது. அது இருக்கிறவரைக்கும் நீங்க காலி பண்ணதா ஆகாது."

ரொட்டிக்காரர் ஓடிப்போய்ச் சுண்ணாம்பு வாங்கிவந்து ஓட்டையை அடைத்தார். ரொட்டி மாவைச் சமன்செய்து பழகிய கை. ஓட்டை இருந்த சுவடே தெரியவில்லை. வீட்டுக்காரர் விரலால் தடவித் தடவித் தேடிப் பார்த்தார்.

"யாரைக் கேட்டு அடைச்சீங்க?" என்றார், அதே இனிமையோடு. "இப்ப என் சுவருக்குள்ள உங்க சுண்ணாம்பு இருக்கு."

வெறுங்கையோடு வந்த கணவனை வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த மனைவி ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன சொன்னாரு?"

"நல்லாத்தான் பேசினாரு."

"நல்லாப் பேசறவன் காசு கொடுத்து நீங்க பார்த்திருக்கீங்களா?"

சாமான் வண்டி புது வீட்டுக்குப் போகாமல் அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போனது. அண்ணன் நல்ல மனசுக்காரர். கூடத்தில் குளிர்பதனப் பெட்டிக்கும் அலமாரிக்கும் நடுவே தங்கைக்கும் மருமகளுக்கும் இடம் ஒதுக்கினார். மூன்றாவது ஆள் படுத்தால் குளிர்பதனப் பெட்டியைத் திறக்க முடியாது. எனவே ரொட்டிக்காரர் பேக்கரியில் மாவு மூட்டைகளின் மேல் படுத்துக்கொண்டார். பெட்டியைத் திறக்கிறவர்கள் இரவும் பகலும் தாயையும் மகளையும் தாண்டிப் போனார்கள்.

"மாப்ளே, எனக்கு ஒரு சிரமமும் இல்லை," என்பார் அண்ணன், ரொட்டிக்காரர் அங்கே தலைகாட்டும்போதெல்லாம். "எத்தனை மாசம் வேணாலும் இருக்கட்டும். என் தங்கச்சி, என் மருமக. சும்மா தெரிஞ்சுக்கலாமேன்னு கேக்கறேன், எப்பக் கிளம்பறாங்க?"

பள்ளிக்கூடத்தில் முகவரி கேட்டிருந்தார்கள். 'அப்பா: பேக்கரி. அம்மா: மாமா வீடு' என்று பெண் எழுதிக் கொடுத்தாள். டீச்சர் தாயைத் தனியாக அழைத்து, தணிந்த குரலில், "உங்களுக்குள்ள ஏதாவது பிரச்சனையாம்மா?" என்று கேட்டார்.

"எங்களுக்குள்ள ஒன்னும் இல்லை டீச்சர். எங்க வீட்டுக்காரருக்குள்ளதான் இருக்கு, எங்க பணம். நான் சொல்றது, எங்க வீட்டுக்கு வீட்டுக்காரர்."

அந்தப் பதிலால் டீச்சருடைய சந்தேகம் தீரவில்லை. புது வீட்டு அம்மாள் மட்டும் இரக்கப்பட்டு, "கொஞ்ச நாள் பார்க்கறேன், அதுக்கு மேல முடியாது," என்றார். மனைவி அன்றைக்கே கணவனைச் சட்டை மாற்றச் சொல்லி வாரியத்துக்கு அனுப்பினாள்.

வாரியம் ஒரு பெரிய கட்டடத்தில் இருந்தது. வாசலில், 'இங்கே சண்டைகள் இல்லை' என்று எழுதிய பலகை. கவுன்டரில் இருந்த பெண்ணிடம் ரொட்டிக்காரர், "ஒரு புகார் கொடுக்கணும்," என்றார்.

"இங்க யாரும் புகார் கொடுக்கறதில்லை. இணக்க விருப்பம் தெரிவிக்கலாம்."

"சரிங்க, அதைத் தெரிவிக்கறேன். வீட்டுக்காரர் என் பணத்தை அமுக்கிட்டாரு."

"அமுக்கல. தக்கவச்சிருக்காரு." அவள் எழுதிக்கொண்டாள். "இதுக்கு நீங்க வாரியத்துல ஒரு முன்பணம் கட்டணும்."

ரொட்டிக்காரர் கொஞ்சம் தயங்கினார். "இது திரும்பக் கிடைக்குங்களா?"

அவள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "சார், ஒன்னு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. இப்படி எல்லாரையும் சந்தேகப்படற ஆளாயிருந்தா, எந்த வீட்டுக்காரரோடதான் ஒத்துப்போக முடியும்?"

அந்த வாரச் சம்பளத்தைக் கட்டிவிட்டு வந்தார். பேக்கரியில் பிசைகிற மாவில் வீட்டுக்காரரின் முகமும் கவுன்டரும் மாறிமாறித் தெரிய, ஓங்கி ஓங்கிக் குத்தினார். ரொட்டி இவ்வளவு மெத்தென்று எப்போதும் இருந்ததில்லை என்று வாடிக்கையாளர்கள் புகழ்ந்தார்கள். "இப்படியே இருங்க," என்று முதலாளி உற்சாகப்படுத்தினார்.

முதல் அமர்வுக்கு அழைப்பு வந்தது. அறையில் விருந்தினருக்கென்று ஒரே ஒரு நாற்காலி இருந்தது. வாரியம் நடுநிலையானது என்பதால் அதை வீட்டுக்காரருக்குக் கொடுத்தார்கள். கணவனும் மனைவியும் நின்றார்கள். தலைவர் தொண்டையைச் செருமினார். அவர் பேசுவதற்கு முன்னால் செருமுவதும், செருமுவதற்கு முன்னால் கண்ணை மூடுவதும் வாரியத்தின் நடைமுறையிலேயே சேர்ந்துவிட்டவை.

"இந்த இருக்கையில உட்கார்ந்த நாள்லேருந்து எனக்கு வீட்டுக்காரரும் ஒன்னுதான், குடித்தனக்காரரும் ஒன்னுதான். வீட்டுக்காரர் சொல்றதை நான் அப்படியே நம்புவேன். குடித்தனக்காரர் சொல்றதை அப்படியே சந்தேகப்படுவேன். ரெண்டுலயும் ஒரு இம்மிகூடக் குறை வைக்கறதில்லை. இதுக்குப் பேருதான் சமநிலை."

பக்கத்திலிருந்த எழுத்தர் 'சமநிலை' என்று எழுதிக் கீழே கோடிட்டார்.

"இப்ப விஷயத்துக்கு வருவோம். நீங்க கேக்கறது என்ன?"

"முன்பணம்ங்க."

"முன்பணம்னா?"

"குடி வர்றப்ப நாங்க கொடுத்தது."

"எப்பக் கொடுத்தீங்க? முன்னாடி. அதனால முன்பணம். இப்ப அவரு உங்களுக்குக் கொடுத்தா, எப்பக் கொடுக்கறாரு? பின்னாடி." தலைவர் கண்ணைத் திறந்தார். "அப்ப அது பின்பணம். எங்க வாரியத்தோட பேரைப் பாருங்க. முன்பண நல்லிணக்க வாரியம். பின்பணம் எங்க வரம்புக்குள்ள வரவே வராது."

வீட்டுக்காரர் மெய்மறந்து தலையாட்டினார். மனைவி மட்டும் வாயைத் திறந்தாள்.

"அப்ப முன்பணத்தைப் பத்தி நீங்க என்னதான்யா பண்றீங்க?"

"பாராட்டறோம்," என்றார் தலைவர். "முன்பணம் கொடுக்கறவங்களை நாங்க ரொம்பப் பாராட்டறோம். அவங்க இல்லேன்னா இந்த வாரியமே இல்லை."

இருந்தாலும் மனிதாபிமான அடிப்படையில் விஷயத்தை விட்டுவிடப் போவதில்லை என்றும், வீட்டுக்கு எவ்வளவு சேதம் என்று பார்த்துவரத் தேய்மான நிபுணரை அனுப்புவதாகவும் சொன்னார். நிபுணரின் போக்குவரத்துச் செலவு ரொட்டிக்காரருடையது.

நிபுணரோடு பழைய வீட்டுக்குப் போனபோது கதவைத் திறந்தது புதிதாகக் குடிவந்திருந்த ஓர் இளம் தம்பதி. அவர்கள் ஒரு மூலையில் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். நிபுணர் சுவரில் காதை வைத்துக் கேட்டார். ஜன்னல் கம்பிகளைச் சுண்டினார். வாசற்படியைக் குனிந்து பார்த்து நிமிர்ந்தார், முகம் இருண்டிருந்தது.

"இந்தப் படியில யாரோ ஏறி இறங்கியிருக்காங்க."

"நாங்கதாங்க," என்றார் ரொட்டிக்காரர்.

"ஒத்துக்கறீங்க, நல்லது." அவர் குறித்துக்கொண்டார். "கதவைத் திறந்து மூடியிருக்கீங்க. கீல் சொல்லுது. குழாயையும் திறந்திருக்கீங்க. மொத்தத்துல பார்த்தா இந்த வீட்டுல மனுஷங்க வாழ்ந்ததுக்கான தடயம் எங்க பார்த்தாலும் இருக்கு. இதை மறைக்க முடியாது."

"வாடகைக்கு வீடு எடுத்தா வாழத்தானேங்க செய்வாங்க?"

"குடியிருக்கலாம். ஒப்பந்தத்துல அதுதான் இருக்கு. வாழலாம்னு எங்க போட்டிருக்கு?" பிறகு அவர் மூக்கை உறிஞ்சினார். "இது என்ன வாசனை?"

"ரொட்டி," என்றார் கூடவே வந்திருந்த வீட்டுக்காரர், துக்கம் விசாரிக்க வந்தவரின் குரலில். "வேலை முடிஞ்சு இவரு அப்படியே வந்துடுவாரு. சுவரெல்லாம் ஊறிப்போச்சு. வாசனையைப் போக்கவே முன்பணத்துல பாதி ஆகும்."

நிபுணர் அதையும் எழுதிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனார். அப்போது புதுக் குடித்தனக்காரப் பையன் ரொட்டிக்காரரின் பக்கமாக வந்து ரகசியமாகச் சொன்னான்: "அண்ணே, எங்களுக்கு இந்த வாசனை ரொம்பப் பிடிச்சிருக்கு. வீடு பார்க்க வந்தப்ப வீட்டுக்காரரே மூச்சை இழுத்துக் காட்டினாரு. இதுக்குன்னே வாடகை கொஞ்சம் கூட வாங்கறாரு."

ரொட்டிக்காரர் ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"நீங்க கொடுத்த முன்பணம் வந்துடுச்சாண்ணே?"

அவனுடைய இளம் மனைவி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கர்ப்பமாக இருந்தாள்.

"வரும்," என்றார் ரொட்டிக்காரர். அந்தப் பொய்யைத் தன்னைச் சொல்லவைத்ததற்காக வீட்டுக்காரர்மேல் அவருக்கு இன்னொரு மடங்கு கோபம் வந்தது.

இறுதி அமர்வுக்குள் சில மாதங்கள் ஓடிவிட்டன. புது வீட்டு அம்மாள் மூன்று முறை சொல்லி அனுப்பிவிட்டார். அன்று மாலைக்குள் பணம் வராவிட்டால் வேறு ஆளுக்கு விடுவதாக முடிவு. அண்ணன் வீட்டில் இன்னும் பெரிய குளிர்பதனப் பெட்டி ஒன்று வாங்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

தலைவர் கண்ணை மூடினார், செருமினார், திறந்தார்.

"நிபுணர் அறிக்கையைப் படிச்சேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஆனா நான் சேதத்துக்குள்ள போகல. அதைவிட ஆழமான ஒரு கேள்வி இருக்கு. நீங்க வீட்டைக் காலி பண்ணீங்களா?"

"பண்ணிட்டோங்க. அங்க வேற ஆளே வந்தாச்சு."

"ஆள் வர்றது வேற, காலி வேற. உங்களுக்குச் சொந்தமான எதுவும் வீட்டுக்காரர்கிட்ட இருக்கக் கூடாது. அப்பத்தான் காலி. இல்லையா?"

"ஆமாங்க."

"இப்ப உங்க பொருள் ஏதாவது அவர்கிட்ட இருக்கா?"

"ஒன்னும் இல்லைங்க. எங்க பணம் மட்டும்தான்."

தலைவர் புன்னகையோடு பின்னால் சாய்ந்தார். எழுத்தர் பேனாவை மூடிவைத்தார். இனி எழுத ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"நீங்களே சொல்லிட்டீங்க. உங்க பணம் அவர்கிட்ட இருக்கிறவரைக்கும் நீங்க காலி பண்ணல. காலி பண்ணாதவருக்கு முன்பணத்தை எப்படித் திருப்பித் தர்றது? உலகத்துல எந்த வாரியத்துலயும் அப்படி ஒரு வழக்கம் இல்லை. இன்னொன்னு, காலி பண்ணாததால இத்தனை மாச வாடகையும் நிக்குது."

"நிக்குதுதான்," என்றார் வீட்டுக்காரர் இனிமையாக. "நான்தான் கேக்கல."

ரொட்டிக்காரர் அடுப்பின் முன்னால் நிற்பவர். அவர் முகம் சிவந்து யாரும் பார்த்ததில்லை, எப்போதும் சிவந்தே இருக்கும் என்பதால். அன்று வெளுத்துப் போயிற்று.

"ஐயா, என் பொண்ணு குளிர்பெட்டிக்குப் பக்கத்துல படுத்துக் கிடக்கா. நான் மாவு மூட்டைமேல படுத்துக் கிடக்கேன். என் வீட்டுக்காரி ஒரு அறைக்குள்ள என்கிட்ட நாலு வார்த்தை பேசி மாசக்கணக்காச்சு. நாங்க யாரையும் ஏமாத்தல. எங்க காசை எங்ககிட்ட கொடுக்கச் சொல்லத்தான் வந்தோம். அதைச் சொல்ல உங்களால முடியுமா, முடியாதா?"

தலைவர் நெகிழ்ந்துபோய்விட்டார்.

"எவ்வளவு அழகாச் சொன்னீங்க. ஆண்டு மலர்ல போடலாம். உங்க மனசு எனக்குப் புரியுது. ஒரே ஒரு வழி இருக்கு. பணத்துமேல உள்ள உரிமையை விட்டுடுங்க. அந்த நிமிஷமே உங்க பொருள் எதுவும் அங்க இல்லேன்னு ஆயிடும். முழுசாக் காலி பண்ணவரா ஆயிடுவீங்க. வாடகை பாக்கியும் போயிடும்."

"கையெழுத்துப் போடாதீங்க," என்றாள் மனைவி.

"போடலேன்னா இந்த மாச வாடகையும் சேரும்மா," என்றார் எழுத்தர்.

மாவு மூட்டையையும், ஏறிக்கொண்டே போகும் கடனையும் நினைத்து ரொட்டிக்காரர் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் தலைவர் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள். நீங்க இப்ப காலி பண்ணிட்டீங்க. காலி பண்ணவருக்கு முன்பணத்தைத் திரும்பக் கேக்க முழு உரிமை உண்டு. இதுல வாரியம் எப்பவும் உங்க பக்கம்தான்."

"அப்பக் கேக்கறேன். கொடுக்கச் சொல்லுங்க."

"எதை?" என்றார் வீட்டுக்காரர். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "இப்பத்தானே விட்டுக் கொடுத்தீங்க."

தலைவர் இருவர் தோளிலும் கைபோட்டார். எங்கிருந்தோ ஒரு புகைப்படக்காரர் முளைத்தார். "இதுதான் நல்லிணக்கம்," என்று தலைவர் ஊழியர்களைப் பார்த்துச் சொன்னார். "ஒருத்தர் உரிமையை விட்டுக் கொடுத்தாரு. இன்னொருத்தர் பணத்தை விட்டுக் கொடுக்கல. ஆளுக்கு ஒன்னு. சண்டைக்கு இனிமே இடமே இல்லை." எல்லோரும் கைதட்டினார்கள். மனைவி மட்டும், "தூ," என்றாள். புகைப்படத்தில் அது பதிவாகவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் இருவரும் நின்றார்கள். பெண்ணைப் பள்ளியிலிருந்து அழைத்துப்போக நேரமாகியிருந்தது. எந்த வீட்டுக்கு அழைத்துப்போவது என்பதுதான் தெரியவில்லை. புது வீட்டு அம்மாள் போனை எடுத்து, வேறு ஆள் வந்துவிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டார். அண்ணனோ போனில், "நான் வேணா யார்கிட்டயாவது கடன் வாங்கித் தர்றேன் மாப்ளே, எங்கயாவது ஒரு வீட்டைப் பாருங்க," என்று முதன்முறையாக மனம் திறந்து பேசினார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்டது. தலைவர் பையோடு வீட்டுக்குக் கிளம்பியிருந்தார். பதவியை அறைக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தவர்போல எளிமையாக இருந்தார்.

"நீங்க வீடு தேடறீங்கன்னு கேள்விப்பட்டேன். எங்க மாடி சும்மாத்தான் கிடக்கு. ரெண்டு அறை. உங்களை மாதிரி தகராறு பண்ணாத குடும்பம் கிடைக்கறது கஷ்டம்."

மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். "முன்பணம் எவ்வளவு?"

"பன்னெண்டு மாசம். காலி பண்ணும்போது திருப்பிக் கொடுத்துடுவேன்."

அண்ணன் கடன் வாங்கிக் கொடுத்தார். ரொட்டிக்காரர் மறுநாளே கையெழுத்துப் போட்டார். வேறு வீடு கிடைக்கவில்லை.